தொட்டி இன்று, மீன் அடுத்த மாதம்

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, நிதானமாகக் கேளுங்கள். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி வராதீர்கள். மீன் வளர்ப்பில் பாதி இதுதான்.

2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறி, சிங்கப்பூருக்குத் தண்ணீர் எடுக்கும் சுத்திகரிப்பு நிலையமே நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதே அமோனியாதான் புதுத் தொட்டியிலும் மீனைக் கொல்கிறது. மீன் அதைச் செவுள் வழியே ஓயாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அது உண்டாகிறது. ஆற்றுக்கு ஓட்டம் உண்டு. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் இருப்பதோ 54 லிட்டர். வந்த நஞ்சு அங்கேயேதான் கிடக்கும்.

அதைத் தீர்க்கும் வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டும் கட்டுக்குள் இருக்கும். இந்த நுண்ணுயிர்கள் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெக்கையில் சற்று முன்பேகூட முடியலாம்.

ஆகவே தண்ணீரை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் நுண்ணுயிர்களுக்கு உணவு. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் வாங்கி உங்கள் பில்டரில் செருகுங்கள், வாரக்கணக்கில் மிச்சமாகும். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கும் மருந்துச் சொட்டு விடாமல் ஊற்றினால் இந்த உயிர்கள் செத்துப்போகும். பின்னாளில் பஞ்சைக் கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். சோதனைக் குப்பியில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, மறுபடி பூஜ்யம் காட்டும் வரை கடைப்பக்கம் போகாதீர்கள்.

எந்த மீன் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: நம் மண்ணின் மீனாக இருக்க வேண்டும். ஜொகூரில் நம் பண்டார் தெங்காராவைச் சுற்றி இன்று எண்ணெய்ப்பனைதான். 1972-ல் தொடங்கிய கெஜோரா என்ற வட்டார வளர்ச்சி வாரியம் காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர் இது. அந்தக் காட்டு ஓடைகளில் தேயிலைச் சாறு நிறத் தண்ணீரில் வாழ்ந்த மீன்களில் ஒன்று ஹார்லிகுவின் ரஸ்போரா: செம்பு உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம், ஐந்து செ.மீ.யைத் தாண்டாத உருவம். தீபகற்ப மலாயாவின் மண்ணின் மைந்தன். பண்ணையில் வளர்ந்தது கடையில் மலிவாகவே கிடைக்கும். வீட்டில் ஹீட்டர் வேண்டாம், மென்மையான நீரே போதும். கூட்டமாக வாழும் மீன் என்பதால் எட்டு பத்தாவது வேண்டும். முதலில் நாலைந்து விடுங்கள், இரண்டு வாரம் கழித்து மீதி.

ஓடை நிறம் வேண்டுமென்றால் சாலையோரக் கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டு போடலாம். ஆனால் நுண்ணுயிர்கள் நிலைத்த பிறகே போடுங்கள். இலைச் சாறு நீரின் அமிலத்தைக் கூட்டும். பிஎச் 6-க்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும்.

கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று பண்டாராயா மீன் குஞ்சைக் கடைக்காரர் கையில் கொடுக்கப் பார்ப்பார். வேண்டாம். அது முழங்கை நீளம் வளரும். வளர்ந்ததும் ஆற்றில் விட்டுவிட்டவர்கள் பலர். தென்னமெரிக்காவின் அந்த மீன் இப்போது நம் ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. வளர்க்க முடியாமல் போன மீன் எதுவானாலும் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், சாயோங் ஆற்றில் விடாதீர்கள்.