கண்டி அடுப்படியும் மின்சார சபையும்

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் பெய்யும் மழை மகாவலியில் சேர்ந்து, ஒரு பகுதி பொல்கொல்லை அணைக்கட்டிலிருந்து சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட, எஞ்சியது 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகிறது. மலைச்சரிவில் மரம் குறைந்தால் மண் அரித்து நீர்த்தேக்கத்தில் படியும். தேக்கும் நீர் குறையும். இதை மனத்திற்கொண்டு பார்த்தால், மின்சாரம் விற்கும் இலங்கை மின்சார சபையே 1980களில் விறகுச் சிக்கனத் திட்டத்தை நடத்தியது விந்தையன்று. எனினும், வீட்டுக்குத் தேவைப்படும் விறகில் பெரும்பங்கு காட்டிலிருந்தன்றி வீட்டுத் தோட்டங்களிலிருந்தும், இறப்பர் மரங்களிலிருந்தும், தேயிலைக் கவ்வாத்தில் விழும் மிலாறிலிருந்தும் கிடைப்பதால், காடழிவுக்கு அடுப்பை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

அத்திட்டமும் பிரித்தானியாவின் இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவும் சேர்ந்து பரப்பிய 'அனகி' அடுப்பு, வலுத்திறன் என்பதற்கு, அதாவது குறைந்த எரிபொருளில் அதே வேலையை முடிப்பதற்கு, எளிய சான்றாகும். மூன்று கல் அடுப்பில் தீ பானையைச் சுற்றி நாற்புறமும் சிதறும். அனகியிலோ, ஒரே துண்டாகச் சுட்ட களிமண் கூட்டுக்குள் அடங்கிய தீ முதல் வாயிலுள்ள சோற்றுப்பானையைச் சூடாக்கிவிட்டு, உள்வழியே சென்று இரண்டாம் வாயிலுள்ள கறிச்சட்டியையும் கொதிக்க வைக்கிறது. அடுப்பைச் சுற்றி மண் குழைத்துப் பூசுவதால் வெப்பம் வெளியேறுவதும், கூடு வெடிப்பதும் குறைகின்றன. குயவர்களுக்குப் பயிற்சியளித்து, அடுப்பு சந்தையிலேயே விலைபோகுமாறு செய்ததே இம்முயற்சியின் வெற்றி எனலாம். கண்டியை நிலையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கமும் இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அரசின் கவனம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சவேளையிலேயே குவிந்தது. வீடுகள்தோறும் விளக்கும் தொலைக்காட்சியும் ஒருசேர இயங்கும் அந்நான்கு மணித்தியாலத்துக்கெனவே கூடுதல் மின்நிலையங்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியுள்ளது. வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றிய 1996இல், பகலொளியைப் பயன்படுத்துவதற்காக நாட்டின் கடிகாரமே ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டின் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் மீட்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. மாலையில் மிச்சமான வெளிச்சத்துக்காக விடியற்காலையில் விளக்கேற்ற நேர்ந்ததை அடுப்படியில் நின்றவர்கள் அறிவர். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மின்குமிழ்களுக்கு நட்சத்திர முத்திரை வழங்கும் வழியைக் கையாண்டது. 2016இல் தொடங்கிய கூரைமேல் சூரியமின் திட்டம், பாவனையைக் குறைப்பதைவிட உற்பத்தியைப் பெருக்குவதையே நோக்கியது.

பிரசாரங்கள் செய்ய முடியாததை விலை செய்தது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தபின், பட்டியலில் அலகுகளை எண்ணிப் பார்க்காத வீடு அரிதாயிற்று. அதற்குமுன், 2022இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் சிலிண்டருக்காக வரிசையில் நின்று களைத்தவர்கள் பலர் விறகுக்கே திரும்பினர். புகைபோக்கியற்ற மாடி வீடுகளில் வாழ்ந்தோருக்கு அவ்வழியும் எளிதாக இருக்கவில்லை. கொழும்பு வீதியோரத்து மட்பாண்டக் கடைகளில், மின்குமிழுக்கு நட்சத்திரம் எண்ணும் அதே கைகள், மண் அடுப்பை விரலால் தட்டி, விரிசலில்லாத ஓசை கேட்கிறதா என்று பார்த்தே வாங்குகின்றன.