கிடாக்கறி ஏன் ஸ்டேக் ஆவதில்லை?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வீட்டில் காதுகுத்து என்றால், பத்திரிகையில் மொட்டையும் காதணியும்தான் அச்சாகியிருக்கும். சொந்தபந்தம் விசாரிப்பதோ, “கிடா எத்தனை?” என்று. விடியற்காலையில் குலசாமி கோயிலில் வெட்டிய கிடா, மதியத்துக்குள் குழம்பாகவும் வறுவலாகவும் பந்திக்கு வந்துவிடும். நியூயார்க்கின் புரூக்ளினில் 1887இல் தொடங்கிய பீட்டர் லூகர் போன்ற, தடித்த கறித்துண்டைச் சுட்டுத் தரும் ஸ்டேக் உணவகங்களில் கதையே வேறு. பிறந்தநாளுக்கோ பதவி உயர்வுக்கோ அங்கே போய் உட்காருகிறவரின் தட்டில் விழும் மாட்டுக்கறி, வெட்டி வாரக்கணக்கில் ஆனது.

ஒன்று உடற்சூடு ஆறுவதற்குள் சட்டியேறுகிறது. மற்றொன்று குளிரறையில் தொங்கிக் கிடந்துவிட்டு நெருப்புக்கு வருகிறது. நேரெதிரான இந்த இரண்டு வழிகளிலும் கறி மெத்தென்றுதான் இருக்கிறது. காரணம் தசையின் வேதியியலில் இருக்கிறது.

துடிக்கும் கறி

உரித்த கிடாயின் தொடையை வாழையிலையில் போட்டு அரியும்போது உற்றுப் பாருங்கள். கத்தி பட்ட இடத்தில் தசை வெடுக் வெடுக்கென்று துடிக்கும். உயிர் போன பிறகும் தசைக்குள் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு மிச்சமிருப்பதன் அடையாளம் அது. தசையில் ஆக்டின், மயோசின் என்று இரண்டு புரத இழைகள் உண்டு. இவை ஒன்றையொன்று பற்றி இழுத்தால் தசை சுருங்கும். பற்றிய பிடியை விடுவிக்க ஏடிபி வேண்டும்.

ரத்த ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் வரத்தும் நின்றுவிடுகிறது. சேமித்து வைத்த சர்க்கரையை எரித்துத் தசை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, 7ஐ ஒட்டியிருந்த பிஎச் அளவு 5.5 வரை இறங்கும். ஏடிபி தீர்ந்ததும் இழைகள் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் வரும் இந்த விறைப்பு நிலையில் சமைத்த கறி, எவ்வளவு மென்றாலும் மசியாது.

இதைத் தவிர்க்க இரண்டே வழி. விறைப்பு வருவதற்கு முன்பே சமைத்துவிடலாம். அல்லது வந்து, தளரும்வரை காத்திருக்கலாம். ஸ்டேக்காரர்களின் வழி இரண்டாவது. 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் மாட்டுக்கறியைத் தொங்கவிட்டால், தசையில் இயல்பாகவே உள்ள கால்பெயின் என்னும் நொதிகள் புரத இழைகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். இதற்கு இரண்டு வாரம், சிறப்பு ரகங்களுக்கு நான்கு வாரம்கூட ஆகும்.

பெரம்பலூர் வெயிலில் கறியைத் தொங்கவிட்டால், நொதி வேலையை முடிக்கும் முன்னே கிருமி முடித்துவிடும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் நம் ஆட்களுக்கு இருந்தது முதல் வழி மட்டும்தான். வெட்டியதும் அரிந்து, சின்னத் துண்டுகளாக்கி, கொதிக்கும் அண்டாவில் போட்டார்கள். விறைப்புக்கு முந்தைய கறியில் அமிலம் இன்னும் ஏறியிருக்காது. அதனால் அது தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘அன்னிக்கு வெட்டுன கறி’க்கு ஊரில் இருக்கும் மவுசு வெறும் நம்பிக்கை அல்ல.

நியூசிலாந்து கற்ற பாடம்

1882இல் டனீடன் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டுக்கறியை ஏற்றிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்நாட்டின் கறி ஏற்றுமதி அங்கிருந்து வளர்ந்தது. பிற்காலத்தில் குளிரூட்டும் கருவிகளின் வேகம் கூடியபோது எதிர்பாராத சிக்கல் ஒன்று தலைகாட்டியது. கறி கெடவில்லை, ஆனால் கெட்டியாகிவிட்டது. லாக்கர், ஹேக்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1963இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். விறைப்பு வரும் முன்னே தசையைக் கடுங்குளிரில் வைத்தால், அது தன் நீளத்தில் கணிசமான பங்கு குறையும் அளவுக்குச் சுருங்கி இறுகிவிடுகிறது. விறைப்புக்கு முன்பே உறைய வைத்த கறி, உறைநிலை விலகும்போது இன்னும் மோசமாகச் சுருங்கும். அதன்பிறகு அங்கே ஆட்டுடலை முதலில் மிதமான குளிரில் நிறுத்தினார்கள். மின்சாரம் பாய்ச்சி ஏடிபியைச் சீக்கிரம் தீர்க்கும் முறையும் வந்தது.

25 கிலோ கணக்கு

பழைய பெரம்பலூர், அரியலூர் தாலுகாக்கள் ‘திருச்சி கருப்பு’ என்ற செம்மறி இனத்தின் தாயகங்களில் சேர்ந்தவை. கம்பளிக்குப் பேர்போன சின்ன உடம்பு ஆடு அது. வளர்ந்த கிடாவே சுமார் 25 கிலோதான். தோல், தலை, குடல் போக எலும்போடு 12 கிலோ தேறினால் அதிகம். ஸ்டேக்குக்கு உகந்தது முதுகெலும்பை ஒட்டிய, அதிகம் உழைக்காத தசை. பெரிய மாட்டில் அது கிலோக்கணக்கில் கிடைக்கும். நம் ஆட்டிலோ ஒரு பிடி. ஊரையே கூப்பிட்டுவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் ஸ்டேக் போட முடியுமா?

கொழுப்பின் கணக்கும் ஒத்துவராது. நல்ல ஸ்டேக்கில் தசைக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடியிருக்கும். சுடும்போது அது உருகிக் கறியை நனைக்கும். செம்மறிக்குப் பதில் வெள்ளாட்டுக் கிடா என்றாலும், அதன் கொழுப்பு பெரும்பாலும் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் சேர்கிறது. தசை வறட்டுத் தசை.

முதுகுத் தசை போக மிச்சமிருப்பது கழுத்து, தொடை, முன்னங்கால், நெஞ்செலும்பு. மேய்ந்து திரிந்த ஆட்டில் இவையெல்லாம் உழைத்த தசைகள். இவற்றைக் கட்டிப்போடும் கொலாஜன் நார் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கிக் கறியிலுள்ள சாற்றைப் பிழியும். 70ஐத் தாண்டி, தண்ணீரோடு நெடுநேரம் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். எலும்புக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு உதடு ஒட்டுவது இதனால்தான்.

ஸ்டேக்கின் நடுப்பகுதியை 55 டிகிரியை ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஆக்டின் இழை இறுகும் 66 டிகிரிக்கு அது வருவதில்லை. அந்த வெப்பத்தில் மயோகுளோபின் நிறமியும் சிவப்பாகவே இருக்கும். தட்டில் வடிவது ரத்தம் அல்ல, இந்த நிறமி கலந்த நீர். ஆட்டுத் தொடையை அந்த அளவோடு நிறுத்தினால் நார் அப்படியே நிற்கும். 65இலிருந்து 75க்குள் இறக்கினால் சாறும் போய், நாரும் கரையாமல், இரண்டும் கெட்டான். கிடாய் வேக ஒன்றரை மணி நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருக்கும் சமையல்காரர் அந்த இடைவெளியைத்தான் தாண்டுகிறார்.

மணம் எங்கிருந்து?

ஸ்டேக்கின் மேல்பட்டையில் வரும் பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யார் விவரித்தார். புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் விறுவிறுவென வினைபுரிகின்றன. குழம்பு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தக் குறையை இட்டு நிரப்புவது முதலில் எண்ணெயில் சிவக்க வதக்கும் சின்ன வெங்காயமும், வறுத்து அரைத்த மசாலாவும். தமிழகத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் பெரம்பலூர். வெங்காயத்தை நறுக்கிச் சமைக்கும்போது உருவாகும் ஒரு கந்தகச் சேர்மத்துக்குக் கறிச்சாற்றின் மணமே உண்டு. கறியோடு வெங்காயத்தை அள்ளிப் போடுவது அளவைக் கூட்ட மட்டும் அல்ல.

வெள்ளாட்டுக் கிடாய்க்கே உரிய மொச்சை வாடைக்கு முக்கியக் காரணம் 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம். ஆண்மை ஹார்மோன் ஏற ஏற இதுவும் ஏறும். கறிக்கு வளர்ப்பவர்கள் குட்டியிலேயே காயடிப்பதற்கு இந்த வாடையும் ஒரு காரணம்.

வீட்டுக்கு எடுத்துப்போக

நாலு மணிக்கு வெட்டி ஆறு மணிக்கு வாங்கிய கறியை நேராக ஃப்ரீசரில் தள்ளாதீர்கள். நியூசிலாந்துக்காரர்கள் பட்ட பாடு உங்கள் குக்கருக்கும் வரும். ஒன்று, உடனே அடுப்பில் ஏற்றுங்கள். இல்லையென்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டுச் சமையுங்கள் அல்லது உறைய வையுங்கள்.

விருந்தில் உண்மையான ஆபத்து மிஞ்சிய அண்டாவில்தான். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. பெரிய பாத்திரத்தின் நடுவே, காற்று புகாத வெதுவெதுப்பில் முளைத்து, 43 டிகிரியை ஒட்டி 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மறுநாள் வயிற்றுப்போக்குக்குச் சாமி குற்றம் காரணமில்லை. பந்தி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சக் குழம்பை அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் முன் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடமென்றால், அன்றைக்கே பங்கு போட்டுக் கொடுத்து முடித்துவிடுங்கள்.