மண்ணின் பசி

பசி எடுத்தால் நாம் உண்கிறோம். மண்ணுக்கும் பசி உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏர் உழுவதினும் எரு இடுதல் நன்று எனத் திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியுள்ளார். அதன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

செடிகொடிகள் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கதிரவன் ஒளியின் துணையால் உணவாக்கி வளர்கின்றன. ஆகவே, உலர்ந்த இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி கரிமமே ஆகும். இவற்றைத் தீயிட்டால் கரிமத்தின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் புகையோடு போய்விடும். தழைச்சத்தும் உடன் போகும். மண்ணில் இட்டாலோ, மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் அவற்றை உண்கின்றன. அப்போதும் பெரும்பங்கு அவற்றின் மூச்சாகக் காற்றில் கலந்துவிடும். எஞ்சும் சிறு பங்கே மக்கி, களிமண் துகள்களோடு ஒட்டி, நெடுங்காலம் நிலைக்கிறது. எனவேதான் ஒருமுறை இட்டால் போதாது. ஆண்டுதோறும் இடுதல் வேண்டும்.

கரிமம் அற்ற மண் எவ்வாறு இருக்கும்? ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தபின் எஞ்சிய மணல் நிலங்களே அதற்குச் சான்று. அம்மணலில் மழைநீர் தங்காது. இட்ட உரமும் நீரோடு இறங்கிவிடும். அத்தகைய நிலத்திலும் உழவர்கள் எருவிட்டுக் காய்கறிகளையும், பீடோரில் கொய்யாவையும் விளைவித்துள்ளனர்.

இனித் தோட்டங்களைக் காண்போம். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தொடக்கத்தில் புல்பூண்டு இன்றி மண்ணைச் சுரண்டி வைத்தனர். சரிவுகளில் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது. அதன்பின் அவரை இனக் கொடிகளைப் படரவிட்டு மண்ணைக் காத்தனர். ஆண்டுதோறும் உதிரும் இரப்பர் இலைகளும் மண்ணுக்கு உணவாயின.

அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. வெட்டிய மட்டைகளை மரவரிசைகளுக்கிடையே அடுக்குகின்றனர். ஆலைக்குச் செல்லும் குலைகளின் எடையில் ஏறத்தாழ 22 விழுக்காடு வெறுங்குலைகளாக எஞ்சுகிறது. அவற்றையும் மரத்தடியில் பரப்பலாம். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப்பின் மறுநடவு செய்யும்போது, முன்பு பழைய மரங்களை எரித்தனர். இன்று அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மண்ணிலேயே மக்க விடுகின்றனர். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தில் 1998ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் திறந்தவெளி எரிப்பைப் பொதுவாகத் தடைசெய்கிறது.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. மக்கும் மரக்குவியலில் காண்டாமிருக வண்டுகள் முட்டையிட்டுப் பெருகி இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். துண்டுகளை மெல்லியதாகப் பரப்பி, மூடுகொடிகளை வளர்த்தால் அத்தொல்லை குறையும்.

அன்பு மாணவர்களே! நம் பள்ளி வளாகத்தில் கூட்டும் சருகுகளை எரிக்காமல் குழியிலிட்டு மக்கச் செய்வோம். மண்ணிடம் பெற்றதில் ஒரு பங்கையேனும் மண்ணுக்கே திருப்பித் தருவோம்!