பெயருக்கு உரியவர் யார்?

காணி ஒன்றை விற்க முன்வருபவர், அது தமக்கே உரியது என்று வாயாற் சொன்னால் மட்டும் போதாது. நொத்தாரிசு பழைய உறுதியைப் பார்ப்பார், பதிவேட்டைத் தேடுவிப்பார், அதன் பின்னரே புதிய உறுதியை எழுதுவார். இணையத்தளங்களின் உலகிலும் இத்தகைய நொத்தாரிசுகள் உளர். அவர்களைச் சான்றளிப்பு நிறுவனங்கள் என்பர்.

வங்கியின் தளத்தை ஒருவர் கைத்தொலைபேசியில் திறக்கும்போது இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. அனுப்பும் கடவுச்சொல்லை இடைவழியில் எவரேனும் வாசித்துவிடுவரோ என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பது அவ்வங்கியின் கணினிதானோ என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்ப்பது மறையாக்கம். இரண்டாவதைத் தீர்ப்பது சான்றிதழ். இரண்டாவது பிழைத்தால் முதலாவதினாற் பயனில்லை. கடிதத்தை நன்றாக முத்திரையிட்டுக் கள்வன் கையிலேயே கொடுப்பது போலாகும்.

தளத்தின் பெயருக்கு உரியவர் இவரே என்பதை எவ்வாறு சோதிப்பர்? பிறர் ஊகிக்க இயலாத ஓர் எழுத்துத் தொடரை, சான்றிதழ் கேட்பவரிடம் நிறுவனம் கொடுக்கும். அதனை அவர் தம் தளத்திற் குறித்த ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். அல்லது, பெயர்களின் பதிவேடாகிய டி.என்.எஸ்.ஸிற் சேர்த்தல் வேண்டும். தளத்தையோ பதிவேட்டையோ ஆள்பவர்க்கன்றிப் பிறர்க்கு இது கைகூடாது. தான் கொடுத்த தொடரை அங்கே கண்டபின் நிறுவனம் சான்றிதழை வழங்கும். 2015 டிசெம்பரிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெற்ஸ் என்கிரிப்ற் என்னும் சேவை, இச்சோதனை முழுவதையும் கணினிகளே செய்யுமாறு அமைத்துச் சான்றிதழைக் கட்டணமின்றி வழங்குகின்றது.

சோதனை தளர்ந்தால் விளைவது யாது? பின்லாந்தில் மைக்ரோசொப்ற் நிறுவனம் லைவ்.எப்.ஐ. என்னும் பெயரிற் பொதுமக்களுக்கு மின்னஞ்சல் முகவரிகளை வழங்கிற்று. ஒருவர் 'ஹோஸ்ற்மாஸ்ரர்' என்ற முகவரியைத் தமக்கெனப் பெற்றார். அது தளப் பொறுப்பாளருக்குரியதெனச் சான்றளிப்போர் கருதும் முகவரிகளுள் ஒன்று. அதனைக் கொண்டே அப்பெயருக்கான சான்றிதழையும் அவர் பெற்றுவிட்டார். 2015 மார்ச்சில் அச்சான்றிதழ் செல்லாததாக்கப்பட்டது.

இதனினும் கொடியது 2011 இல் நெதர்லாந்தில் நிகழ்ந்தது. டிஜிநோற்றார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்தின் கணினிகளுட் புகுந்தோர் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கினர். கூகிளின் பெயரில் ஆக்கிய ஒன்று, ஈரானிலிருந்த மக்களின் மின்னஞ்சலை ஒற்றுப்பார்க்கப் பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தின் சான்றுகளை ஏற்க மறுத்தன. அதே ஆண்டு செப்ரெம்பரில் அது வங்குரோத்தாயிற்று.

இத்தகைய அனுபவங்களின் பின் காவல் பெருகிற்று. இன்று சான்றிதழ்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. தம் பெயரிற் பிறர் சான்று பெற்றாரா என்று உரியவர் அங்கே தேடிப் பார்க்கலாம். சான்றிதழின் ஆயுளும் குறுகி வருகின்றது. 2025 ஏப்பிரலில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 398 நாளாயிருந்த உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகும்.

ஆயினும், பெயரைப் பேணுங் கடமை உரியவருடையதே. பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர் கடல்கடந்து சென்றுவிடுகிறார். பதிவேட்டின் கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடுகிறது. ஆண்டுக் கட்டணம் செலுத்துவார் இலர். கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் வாங்கினால், புதிய சான்றிதழ் அவருக்கு முறைப்படியே கிடைக்கும். பழைய முகவரியை நம்பி வரும் பெற்றோர் அவர் வாசலிற் போய் நிற்பர். ஆகவே, பதிவு நிறுவனத்தின் கணக்கு தனியொருவர் பெயரில் இல்லாமற் பாடசாலையின் பெயரில் இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாளும் அலுவலகக் குறிப்பேட்டில் இடம்பெறல் வேண்டும்.

நேயர்கள் மறவாதிருக்க வேண்டியது இன்னுமொன்று உண்டு. இச்சோதனை பெயரின் உரிமைக்குச் சான்றாகுமேயன்றி, உரியவரின் நேர்மைக்குச் சான்றாகாது. வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் பதிந்த வஞ்சகனும் அவ்வாறு மாறிய பெயருக்குச் சான்றிதழ் பெறலாம். பெயரை எழுத்தெழுத்தாக வாசித்த பின்னரே கடவுச்சொல்லை எழுதுதல் நன்று.