கணினியின் வாயிற்காவலன்

அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் அவன் வாயிற்காவலனை விளித்துப் பாடியதைப் புறநானூறு கற்றார் அறிவர். நம் காலத்துக் கணினிக்கும் ஒரு வாயிற்காவலன் உளன். கணினியைத் திறந்தவுடன் தோன்றிப் பெயரும் கடவுச்சொல்லும் வினவும் நுழைவுத்திரையே அவன். அவனைத் திருத்தியமைக்கும் வகையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே கார்பாட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து ஆளும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பில் மற்றொருவர் கை வையாதிருத்தற்பொருட்டு அம்முறையிற் கடவுச்சொல் இடம்பெற்றது.

அச்சொல் கணினியுள் அவ்வாறே எழுதி வைக்கப்படுவதன்று. எம் ஊராகிய கருவேப்பிலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சூளையிற் சுட்ட பீங்கான் மீண்டும் களிமண் ஆகாது. அதுபோலக் கணினியும் கடவுச்சொல்லை ஒரு கணக்கு முறையாற் சுட்டு, சுட்ட உருவை மட்டுமே வைத்துக்கொள்ளும். நாம் மறுபடி தட்டும் சொல்லையும் அவ்வாறே சுட்டு, இரண்டும் ஒக்குமாயின் கதவு திறக்கும். ஆதலின், மறந்த சொல்லைக் கணினியும் நமக்கு எடுத்துரைக்க மாட்டாது.

தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. லினக்ஸில் நுழைவுத்திரையைக் காட்டுவது ஒரு தனி நிரல். அதன் அமைப்புகள் ஓர் எழுத்துக்கோப்பில் அடங்கும். நிர்வாகி உரிமையுடையாரே அதனைத் திருத்தலாம்.

திருத்தத்தக்கன நான்கு. பின்னணிப் படத்தை மாற்றுதலால் தீங்கொன்றும் இல்லை. பயனர் பெயர்ப் பட்டியலை மறைத்தல் பலர் பழகும் கணினிக்கு நன்று. அயலார் சொல்லோடு பெயரையும் அறிந்தாலன்றி நுழைய இயலாது. கடவுச்சொல் வினவாது தானே நுழையவிடுதல் வசதியே. ஆயினும் விடுதியிலும் இரயிலிலும் கணினியைக் கொண்டு செல்வார்க்கு அது கதவைத் திறந்துவிட்டு உறங்குதலை ஒக்கும். நான்காவது விசைப்பலகை மொழி. யாம் இடறியது இதன்கண்ணே.

அக்காவுக்குப் பள்ளியிற் கிடைத்த மடிக்கணினியே எம் இல்லத்தார் அனைவர்க்கும் பொது. தமிழ்ப் பற்றினால் ஒரு விடுமுறையிரவில் நுழைவுத்திரைக்குத் தமிழ்99 விசைப்பலகையை மட்டும் வைத்தோம். எம் கடவுச்சொற்களோ ஆங்கில எழுத்துக்களால் ஆனவை. தட்டிய எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகளே தோன்றியமையின் பிழை எங்கென்றும் விளங்கவில்லை. தங்கையின் உதவித்தொகை விண்ணப்பத்திற்கு மறுநாளே கடைநாள். சான்றிதழ்ப் படிகள் யாவும் அதனுள் இருந்தன. "அண்ணா, இனித் திறக்காதா?" என்று அவள் கேட்டபோது மறுமொழி கூற நாவெழவில்லை.

நள்ளிரவில் ஒன்று நினைவுக்கு வந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் லினக்ஸில் எழுத்துத்திரை தோன்றும். அங்கு விசைப்பலகை ஆங்கிலமாகவே இருந்தது. உட்புகுந்து, திருத்துமுன் எடுத்துவைத்த கோப்பின் படியை மீண்டும் அதனிடத்தே அமைத்துக் கணினியை மறுபடி தொடக்கினோம், கதவு திறந்தது. விடியுமுன் விண்ணப்பமும் சென்றது.

ஆதலின் அன்பர்காள், நுழைவுத்திரையைத் திருத்துமுன் கோப்பின் படியொன்று எடுத்து வைம்மின். ஒரு வேளைக்கு ஒன்றே திருத்துமின். தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பின் ஆங்கிலத்தையும் உடன் வைம்மின். நிர்வாகி உரிமையுள்ள இரண்டாம் கணக்கொன்றும் அமைத்துக்கொண்மின். காவலனை மாற்றுதல் எளிது. அவன் வீட்டுக்குரியாரையே வெளியே நிறுத்தாதிருக்கச் செய்தலே அறிவுடைமை.