பழைய பட்டடை: பார்த்து வாங்குவதும் பத்திரமாகக் கொண்டுவருவதும்

கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை, ஒழுங்காகப் பயன்படுத்தினால் நூறு ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியது. அதனால் பழைய பட்டடைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் அதன் தேவை விவசாயக் கருவிகளோடு நின்றுவிடுவதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உளிகளும் அதை நம்பியே இருக்கின்றன. 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரி இங்கேதான் உள்ளது. இவ்வூர்க் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றன.

கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. உளியின் எஃகு அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். ஆகவே உளிமுனை சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. அதை உலையில் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்துக் கூராக்கி, நீரில் தோய்ச்சல் கொடுத்தால்தான் மறுபடி கல்லில் இறங்கும். கார்பைடு முனை உளிகளும் மின்கருவிகளும் வந்துவிட்டாலும், எஃகு உளிக்கு இந்தப் பராமரிப்பு இன்றும் தேவைப்படுகிறது.

எடை ஏன் முக்கியம்?

சுத்தியல் ஓங்கி இறங்கும்போது அதன் ஆற்றலில் ஒரு பங்கு இரும்பின் வடிவத்தை மாற்றுகிறது; மீதி பட்டடையை அசைப்பதில் வீணாகிறது. எவ்வளவு வீணாகும் என்பதைச் சுத்தியலின் எடையும் பட்டடையின் எடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 1 கிலோ சுத்தியலை 4 கிலோ இரும்புக் கட்டியின்மேல் பயன்படுத்தினால், ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே சுத்தியலை 50 கிலோ பட்டடையில் பயன்படுத்தினால் இழப்பு 2 சதவீதம்தான். கனமான பட்டடையில் கை சீக்கிரம் சோர்ந்துபோகாததற்குக் காரணம் இதுவே.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பட்டடைகள் சிலவற்றின் பக்கவாட்டில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை 112ஆலும், இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் எடை பவுண்டுகளில் கிடைக்கும். 1, 2, 10 என்றிருந்தால் 112, 56, 10 மூன்றும் சேர்ந்து 178 பவுண்டு. அதாவது சுமார் 81 கிலோ.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

மேலே படிந்த துருவைப் பார்த்துப் பட்டடையை ஒதுக்கக் கூடாது. புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்கவும் கூடாது. பட்டடையின் உயிர் அதன் முகத்தில், அதாவது அடி விழும் மேற்பரப்பில் இருக்கிறது. பல பழைய பட்டடைகளில் தேனிரும்பு உடலின்மேல் கடினமான எஃகுத் தகடு ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பை மட்டும் உருக்கி ஊற்றிய மலிவான பட்டடையும் பார்வைக்கு அதே போலத் தெரியும். ஆனால் அதன் முகம் சில மாதங்களில் குழிவிழுந்து, ஓரங்கள் உதிர்ந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறியச் சைக்கிள் கடையிலோ மெக்கானிக்கிடமோ கிடைக்கும் ஒரு பேரிங் குண்டு போதும். அதை முகத்தின்மேல் 25 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். நல்ல எஃகு முகமாக இருந்தால் குண்டு 18 செ.மீ. அல்லது அதற்கு மேல் எகிறும். வார்ப்பிரும்பில் அதில் பாதிகூட எகிறாது. முகம் முழுவதும் நாலைந்து இடங்களில் இப்படிச் சோதிப்பது அவசியம். ஓரிடத்தில் மட்டும் எகிறல் குறைந்தால், அங்கே தகடு விட்டிருக்கலாம், அல்லது தவறான வெல்டிங்கின் சூட்டில் எஃகின் கடினம் போயிருக்கலாம். தீ விபத்தில் சிக்கிய பட்டடையில் முகம் முழுவதுமே மென்மையாகிவிடுவதுண்டு.

அடுத்தது ஒலி. சிறு சுத்தியலால் லேசாகத் தட்டினால் தெளிவான மணியோசை எழ வேண்டும். கரகரப்பான ஓசை விரிசலைக் காட்டும். வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் பதித்த சில தரமான வகைகள் இயல்பிலேயே ஒலிக்காது. எனவே ஒலியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், எகிறலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முகத்தைப் பளபளப்பாகக் கடைந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. எஃகுத் தகட்டின் தடிமன் பெரும்பாலும் ஓர் அங்குலத்தில் பாதி அளவுதான். சமப்படுத்துவதாகச் சொல்லி அதைக் கடையக் கடைய, பட்டடையின் ஆயுள் தேய்கிறது. சிறு பள்ளங்களும் சற்று உதிர்ந்த ஓரங்களும் வேலைக்குத் தடையல்ல.

தண்டவாளத் துண்டு

முழுப் பட்டடை கிடைக்காத இடத்தில் தண்டவாளத் துண்டே பலருக்கும் பட்டடை. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 60 செ.மீ. துண்டு 36 கிலோ இருக்கும். அதைப் படுக்க வைத்தால் நடுப்பகுதி அதிர்ந்து அடியை உறிஞ்சும். நெட்டுக்குத்தாக நட்டுவைத்தால் முழு எடையும் அடிக்கு நேர்கீழே வந்துவிடுவதால், சிறிய உளிகளைக் கூராக்க அதுவே போதும். வாங்கும்போது முறையான ஏல ரசீது வழியாக வந்த இரும்பா என்று காயலான் கடைக்காரரிடம் கேட்டு, பில் பெற்றுக்கொள்வது கட்டாயம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.

வண்டியில் ஏற்றுதல்

80 கிலோ பட்டடையை இருவர் குனிந்து தூக்கி ஏற்றுவது முதுகுக்கு ஆபத்து. 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 240 செ.மீ. நீளப் பலகையைச் சாய்த்து, அடியில் குழாய் உருளைகள் வைத்துத் தள்ளினால், உராய்வு நீங்கலாக எடையில் கால் பங்கு விசையே போதும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குக் குட்டியானையில் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். திடீர் பிரேக் போட்டால் 80 கிலோ பட்டடை 64 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாயக்கூடும். இரும்புத் தளத்தின் உராய்வு தாங்குவதோ ஏறக்குறைய 16 கிலோதான். ஆகவே பட்டடையைக் கேபின் சுவரை ஒட்டி, ரப்பர் பாயின்மேல் வைத்து, இரண்டு பக்கமும் பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டடையின் ஒரு பக்கம் கூம்பாக நீண்டிருக்கும் கொம்பின் முனை ஓட்டுநர் பக்கம் பார்க்காமல் இருப்பது நல்லது.

நிறுத்துவதும் காப்பதும்

பட்டடையைப் புளியமரக் கட்டை போன்ற வலுவான மரத்தில், நார் நெடுக்காக நிற்கும்படி நிறுத்துவது வழக்கம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல் முட்டி தொடும் உயரத்தில் முகம் இருக்க வேண்டும். இரும்புப் பட்டையால் கட்டையோடு இறுக்கினால் அதிர்வும் ஓசையும் குறையும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை நாள்தோறும் மணிக்கணக்கில் விழுந்தால் செவித்திறன் பாதிக்கும் என்பதால் காதடைப்பானும், தெறிக்கும் சில்லுகளுக்காகக் கண்ணாடியும் அவசியம்.

கடற்கரையில் பெரிய பகை உப்புக்காற்று. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அந்த உப்புநீர்ப் படலம் மழையில்லாத நாளிலும் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் பூச வேண்டும். உப்பு உள்ளேயே இருக்க மேலே எண்ணெய் பூசினால் அரிப்பு அடியில் தொடரும். பக்கங்களுக்கு, காய்ந்து படலமாகும் ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. தேங்காய் எண்ணெய் அப்படிப் படலமாவதில்லை. முகத்தில் வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தடவினால் போதும்.

பழைய பட்டடை வாங்க நினைப்பவர் பேரிங் குண்டும் சிறு சுத்தியலும் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. எகிறலும் ஒலியும் சரியாக இருந்தால், துருவேறிய பட்டடையும் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.