புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பழைய வீடு விற்கவில்லையே!
கெடு தேதிக்குள் மாட்டித் தவிக்கும் சென்னை குடும்பங்கள்

மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறை கொண்ட பழைய பிளாட். குரோம்பேட்டையில் அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது. பின்னால் கிணறு, வாசலில் முருங்கை மரம். அம்மாவுக்கு கீழே ஒரு அறை, பையனுக்கு மாடியில் ஒரு அறை. வீட்டைச் சுற்றிப் பார்த்த மனைவியின் முகம் மலர்கிறது. போச்சு! புரோக்கர் அந்த முகத்தைத்தான் கவனித்துக் கொண்டிருக்கிறார்.

"சார், இன்னொரு பார்ட்டி நாளைக்கு காலைல வர்றாங்க. இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க. உங்க பிளாட்டா? மாம்பலம் சார் அது! ஒரே மாசத்துல தள்ளிடலாம்."

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். இதை நம்பி டோக்கன் போடுகிறவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

நகை போகும் கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். புது வீடு ரூ.1 கோடி. பழைய பிளாட் ரூ.70 லட்சத்துக்குப் போகும் என்று நம்பிக்கை. பாங்கிக் கடன் ரூ.30 லட்சம். கணக்கு சரியாக இருக்கிறதே என்று தோன்றும்.

பத்திரச் செலவை மறந்து விட்டீர்களே! தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1 கோடிக்கு 9 லட்சம் ஆயிற்று. புரோக்கர் கமிஷன் தனி. கையிருப்பு அதற்கே சரியாகி விடும்.

அப்படியானால் அட்வான்ஸ் ரூ.10 லட்சத்துக்கு எங்கே போவது? பிளாட் இன்னும் விற்கவில்லை. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. "பிளாட்டு வித்ததும் மொத வேலை மீட்டுடலாம்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். அந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆடி வந்தது

ஒப்பந்தம் போட்டது வைகாசி கடைசியில். கெடு 3 மாதம். மூன்று மாதம் தாராளம் என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு மாதத்தை ஆடி விழுங்கி விடும். ஆடியில் வீடு பார்க்க வருவார்கள், காபி சாப்பிடுவார்கள், "ஆவணி பொறக்கட்டும் சார்" என்று போய் விடுவார்கள். ஐப்பசியில் ஒப்பந்தம் போட்டவருக்கு மார்கழி இதே வேலையைச் செய்யும்.

ஆவணியில் ஒருவர் வந்து சரி என்றாலும் அவரும் பாங்கிக் கடனில்தான் வாங்குவார். பாங்கி வக்கீல் தாய்ப் பத்திரம் கேட்பார், 30 வருட வில்லங்கம் கேட்பார். பிளாட் அப்பா பேரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசு சான்றிதழ், தம்பி கையெழுத்து, டெல்லியில் இருக்கும் தங்கை கையெழுத்து. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். கெடு நமக்காகக் காத்திருக்குமா?

அவசரம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். எதிரே இருப்பவர் அதைப் படித்து விடுவார். 70 கேட்ட பிளாட்டை 62க்குக் கேட்பார். 8 லட்சம் துண்டு விழும். கொடுக்காவிட்டால் 10 லட்சம் அட்வான்ஸ் ஆட்டம் காணும்.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

"கெடு தாண்டினா என்ன, கோர்ட்டுக்குப் போனா வீட்டை வாங்கிடலாம்" என்று தைரியம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1981-ல் போட்ட ஒரு நில ஒப்பந்தம். வாங்குகிறவர் தவணைத் தேதிகளில் பணம் கட்டவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2011-ல் தீர்ப்பு வந்தது. வாங்க வந்தவர் தோற்றார். நகர்ப்புற நில விலை ஏறுகிற வேகத்தில், சிறு தொகையைக் கொடுத்துவிட்டு 'கெடு ஒன்றும் பெரிதல்ல' என்று உட்கார்ந்திருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முப்பது வருடம்! அலைந்த செலவுக்கே ஒரு வீடு வாங்கியிருக்கலாம்.

"தவறினால் அட்வான்ஸ் திரும்பாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். டைப் அடித்துக் கொடுக்கும் மாதிரியிலேயே இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். "இத்தனை நாளுக்குள் பழைய வீடு விற்காவிட்டால் அட்வான்சில் இவ்வளவு போக மீதி திரும்ப வேண்டும்" என்று மாற்றி எழுதக் கேட்கலாம். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர் மகனிடம் போகப் போகும் பெரியவர் விற்கிறார் என்றால் ஒத்துக்கொள்வார். அவருக்கும் அவசரம் இல்லை. கெடுவாவது 6 மாதம் கேட்கலாம், அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம்.

2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையே ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். செலவு என்று பலர் தட்டிக் கழிக்கிறார்கள். ரிஜிஸ்தர் ஆனால் அது வில்லங்கச் சான்றில் ஏறி விடும். பேரம் முறிந்தால், ரத்துப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை அடுத்தவரிடம் விற்பது விற்பவருக்கு எளிதல்ல. அட்வான்ஸ் விஷயமாகப் பேச உட்காரும்போது இது உங்கள் பக்கம் ஒரு பிடி.

சாவிக்கு தவணை

முதலில் பழையதை விற்றால் எங்கே குடியிருப்பது என்ற பயம்தான் பலரை அவசரப்பட வைக்கிறது. வாங்குகிறவரிடம் "பத்திரம் இப்போ, சாவி ரெண்டு மாசம் கழிச்சு, அதுவரைக்கும் வாடகை தர்றேன்" என்று பேசிப் பாருங்கள். வாடகைக்கு விடத்தான் வாங்குகிறார் என்றால் அவருக்குக் கசக்குமா? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று கவனம்: பிளாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கும்போது ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரி அபராதம் வரலாம்.

பிளாட்டின் மீதே பழைய கடன் இருந்தால் முதலில் அதை அடைத்து பத்திரத்தை மீட்க வேண்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பாங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பாங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5 ஆயிரம் நஷ்டஈடு என்று ரிசர்வ் பாங்கு விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இருந்தாலும் அந்த 30 நாளும் உங்கள் கெடுவில்தான் கழியும்.

வரி பயத்தில் "முதல்ல விக்கணும்" "முதல்ல வாங்கணும்" என்று குழம்ப வேண்டாம். பழைய வீட்டை விற்பதற்கு ஒரு வருடம் முன்பு வரை வாங்கிய வீட்டுக்கும், விற்ற பின் இரண்டு வருடத்துக்குள் வாங்கும் வீட்டுக்கும் மூலதன லாப வரிச் சலுகை உண்டு.

ஆமாம், 'நாளைக்கு காலைல' வருவதாக இருந்த அந்த இன்னொரு பார்ட்டி? ஒரு வாரம் கழித்துப் புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள். "அவர் ஊர்ல இல்ல சார்" என்பார்.